தோற்க வேண்டிய பரீட்சை

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வந்து "டியூஷன் மிஸ் வீடு எது?" என்று கேட்டால், தண்ணீர் கேன் போடுகிற பையன்கூட வழி காட்டுவான். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வாசலில் இருபது ஜோடி செருப்பாவது கிடக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை ஆறு மாதத்தில் கட்டுரை எழுதும். எனக்கு வாயும் அதிகம், அடிக்கக் கையும் நீளும். அப்படியிருந்தும் பெற்றவர்கள் தேடி வந்து சேர்த்துவிட்டுப் போவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என் மகளைக் கவிழ்த்தது.

எனக்கு ஒரே மகள். அவளுக்குப் படிக்க வராது. படிப்பில் சுமார் என்று ஊரார் சொல்வார்களே, அந்த அர்த்தத்தில் இல்லை. தனி எழுத்தாகக் காட்டினால் யோசித்து யோசித்துச் சொல்லிவிடுவாள். நாலு எழுத்து சேர்ந்து நின்றால் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிப்பாள். 'கடல்' என்று இருந்தால் 'கடை' என்பாள். ஒரு வரியை முடிப்பதற்குள் மூக்கு நுனியில் வியர்த்துவிடும். எழுதச் சொன்னால் அதைவிட மோசம். கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, நேற்று சரியாக எழுதிய வார்த்தையை இன்று மறந்திருப்பாள்.

நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு வருவது என் வயிற்றில் பிறந்ததற்கு வராமல் எப்படிப் போகும்? முட்டி போட வைத்திருக்கிறேன், ஸ்கேலால் அடித்திருக்கிறேன், ஒரே வார்த்தையை நூறு தடவை எழுத வைத்திருக்கிறேன். நூறாவது தடவையும் தப்பாகத்தான் இருக்கும், அதுவும் புதிய தப்பாக. என் கணவர் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவருக்குத் தெரிந்த வைத்தியம், ஓர் அமாவாசைக்கு அவளை மேல்மலையனூர் கூட்டிக்கொண்டு போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்தது. எலுமிச்சம்பழம் உயிர்மெய் எழுத்து சொல்லித் தருமா என்று நான் கேட்டேன். நீ சொல்லிக் கொடுத்து மட்டும் என்ன வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவள் ஆறாவது போனபோது நான் அவளுடைய நோட்டுகளை எழுத ஆரம்பித்தேன். முதலில் ஒரு வீட்டுப்பாடம், அதுவும் அவளுக்குக் காய்ச்சல் என்பதற்காக. பிறகு எல்லா நோட்டும். டியூஷன் மிஸ் மகளின் நோட்டில் சிவப்பு மை ஏறினால் என் வாசலில் செருப்பு குறையும் என்ற பயம் இருந்தது. அவளுக்குக் கையெழுத்து என்று ஒன்று கிடையாது. நான்தான் அவளுக்கு ஒன்றை உண்டாக்கினேன். கொஞ்சம் உருண்டையாக, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து, அங்கங்கே வேண்டுமென்றே ஓர் அடித்தலோடு இருக்கும். யார் கேட்டாலும் "நான்தான் எழுதினேன்" என்று அவள் சொல்ல வேண்டும் என்று பழக்கியும் வைத்தேன். அதை மட்டும் அவள் ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள்.

எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்பதாவதைத் தள்ளிக்கொண்டு வந்தாயிற்று. பத்தாவதில்தான் பொதுத்தேர்வு சுவர் மாதிரி எதிரே நின்றது.

பத்தாவது தொடங்கிய இரண்டாம் மாதம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கமான வசவுக்குத் தயாராகப் போனேன். அவரோ என் மகளை நாற்காலியில் உட்கார வைத்து, அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு, புரிந்ததைச் சொல்லச் சொன்னார். இவள் கடகடவென்று சொன்னாள். இதயத்துக்குள் ரத்தம் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். டியூஷனில் பெரிய பிள்ளைகளுக்கு நான் நடத்துவதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டே அவள் பாதிப் பாடத்தைத் தெரிந்துவைத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"புத்தியில ஒரு குறையும் இல்லீங்க, எழுத்து மட்டும்தான் அவளுக்குப் புடிபடல" என்றார் தலைமையாசிரியை. "இந்த மாதிரி பிள்ளைங்களுக்குப் பரீட்சையில ஸ்கிரைப் தருவாங்க. கேள்விய ஒருத்தர் படிச்சுக் காட்டுவாங்க, இவ பதில் சொன்னா அவங்க எழுதுவாங்க. இவ பாஸ் பண்ணிடுவா."

பாஸ் என்ற சொல்லை என் மகளைப் பற்றி ஒருவர் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், விழுப்புரத்தில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும், அதை இணைத்துக் குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வராத ஒன்றுக்காகப் பத்து வருடம் ஒரு குழந்தையை அடித்திருக்கிறேன். அந்த அழுகையோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தலைமையாசிரியை ஒரு போன் நம்பர் தந்தார். கோட்டக்குப்பத்தில் ஓர் அம்மா. கணவர் துபாயில், பையனுக்கு இதே பிரச்சினை, முந்தைய வருடம் அதே டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி ஸ்கிரைப் வைத்து எழுதித் தேறிவிட்டான். அந்த அம்மா பொறுமையாகப் பேசினார். என்னென்ன கேட்பார்கள் என்று சொன்னார்: ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வார்கள், இருபது வார்த்தை சொல்லி எழுத வைப்பார்கள், கொஞ்சம் கணக்கு, பிறகு பள்ளி நோட்டுகளைப் பார்ப்பார்கள். பையனுக்குக் கொடுத்த தாள்களின் போட்டோ தன் போனில் இருக்கிறது என்று சொல்லி, நான் கேட்டதற்காக வாட்ஸப்பில் அனுப்பியும் வைத்தார். அனுப்பியவர் ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"பாப்பாவ அப்படியே கூட்டிக்கினு போங்கக்கா. ஒண்ணும் சொல்லித் தராதீங்க. சொல்லிக் குடுத்தா அப்புறம் பேஜாராயிடும்."

சரி சரி என்று சொல்லி வைத்தேன். மனதுக்குள், பாடம் சொல்லித் தருவதைப் பற்றி எனக்கே சொல்ல வந்துவிட்டாயா என்று நினைத்தேன். என் தொழிலில் ஒரு பிள்ளையை ஒரு பரீட்சைக்கும் சும்மா அனுப்பியதில்லை. கேள்வித்தாள் கையில் இருக்கும்போது சொல்லித் தராமல் இருப்பது, பசித்த பிள்ளை எதிரில் சோற்றை மூடி வைப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது. அதோடு, எங்கே போய் எதைக் கேட்டாலும் நம் தகுதியைக் காட்டித்தானே கேட்டிருக்கிறோம். ஸ்காலர்ஷிப்புக்கு மார்க்கைக் காட்டினோம், சீட்டுக்கு மார்க்கைக் காட்டினோம். உதவி கேட்கப் போகும் இடத்தில் கிழிந்த துணியோடு போய் நிற்பார்களா? ஒன்றுமே தெரியாத பிள்ளை என்றால் இதற்கு எதற்கு ஸ்கிரைப் என்று டாக்டர் கேட்டுவிட்டால்? கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும், சான்றிதழ் எப்படியும் தலைமையாசிரியை தரும் கடிதத்துக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு மாதம் தினமும் விடியற்காலையில் எழுப்பினேன். நிலத்தில் விளைந்த மல்லாட்டையை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு விவசாயியைப் பற்றிய எட்டு வரிதான் அந்தப் பத்தி. நான் வாசித்துக் காட்ட, அவள் இரண்டே நாளில் வாயில் ஏற்றிக்கொண்டாள். பிறகு எந்த வார்த்தைக்கு எங்கே விரலை வைக்க வேண்டும் என்று பழக்கினேன். இருபது வார்த்தைகளைத்தான் போராடி உள்ளே இறக்க வேண்டியிருந்தது. அவள் அவற்றை எழுதவில்லை, கோலம் மாதிரி வரைந்தாள். எந்தக் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே வளைகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். அந்த மாதம் நான் அவளை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இருபதில் பதினேழு சரியாக வந்த அன்று நான் அவளுக்குக் கேசரி செய்து கொடுத்தேன்.

விழுப்புரம் போன அன்று காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினோம். தலைக்குக் குளித்து இரட்டைப் பின்னல் போட்டு, யூனிஃபார்மை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். பஸ்ஸில் வாய் அசைந்துகொண்டே வந்தது. பத்தியை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். என் மடியில் பை, பைக்குள் ஆறு நோட்டு. நோட்டுகள் பார்ப்பார்கள் என்று அந்த அம்மா சொன்னதால், இருப்பதிலேயே சுத்தமானவற்றைப் பொறுக்கி எடுத்து அட்டையும் மாற்றிப் போட்டிருந்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை இத்தனை கவனமாக வேறு யாராவது செய்திருப்பார்களா என்று தெரியவில்லை.

டாக்டர் என்னைவிடச் சின்னவர், சிரித்த முகம். என்னைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மகளோடு கொஞ்ச நேரம் பேசினார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதே விவசாயி, அதே மூட்டை.

அவள் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி, நான் சொல்லித் தந்தபடியே படித்தாள். நாலாவது வரியில் பிசகியது. வாய் நாலாவது வரியை முடித்துவிட்டது, விரல் இன்னும் மூன்றாவது வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது. யார் பார்த்தாலும் தெரியும், இந்தப் பெண் படிக்கவில்லை என்று. டாக்டர் அந்த நேரம் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? அவர் நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எதைக் காட்டுவதற்காக அவ்வளவு தூரம் வந்தேனோ, அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று. விரல் எப்படியோ அடுத்த வரிக்குத் தாவி வாயைப் பிடித்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

இருபது வார்த்தையில் பதினெட்டு. வாய்க்கணக்கு எப்போதும் அவளுக்கு வரும், அதிலும் தேறினாள். டாக்டர் இன்னொரு தாளை எடுத்தார். அது போட்டோவில் இல்லாத தாள். அதை மேஜையில் வைத்துக்கொண்டே, ஸ்கூல் நோட்டு கொண்டு வந்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். எழுந்து போய்க் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்" என்றாள் மகள், கண் இமைக்காமல்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கொடுக்கப்பட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது தாள் அவள் முன்னால் வந்திருக்கும். அவள் திணறியிருப்பாள், சான்றிதழ் கிடைத்திருக்கும். ஆனால் நாலு வருடப் பழக்கம் என்னைக் கேட்காமலே வாயைத் திறந்தது.

"அவதான் மேடம்" என்றேன்.

அவர் இரண்டாவது தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

மதியத்துக்கு மேல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். கற்றல் குறைபாட்டுக்கான அறிகுறிகள் இல்லை, தொடர்ந்த பயிற்சி போதுமானது என்று எழுதியிருந்தது. நான் டியூஷன் எடுக்கிறேன் என்று தெரிந்ததும் டாக்டர், அப்புறம் என்ன கவலை, நீங்களே பார்த்துக்கொள்ளலாமே என்று அன்பாகவே சொன்னார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கும்போது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, நான் பாஸ்தானே?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? பதினைந்து வயது வரை அவள் கேட்காத கேள்வி அது. உடனே அப்பாவுக்குப் போன் போடச் சொன்னாள். பதினெட்டு சரியாக எழுதினேன் என்று அவரிடம் கத்திச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு போன் என் கைக்கு வந்தது. அப்படியென்றால் ஸ்கிரைப் கிடைத்துவிட்டதா என்று அவர் கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தலைமையாசிரியை ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் திட்டியிருந்தால் திருப்பிப் பேச எனக்கு வாய் இருக்கிறது. அவர் திட்டவில்லை.

மறுநாளே தனியாக விழுப்புரம் போனேன். எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன், போட்டோவை, நோட்டை, விரல் பிந்தியதை. அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டிவரச் சொன்னார். அன்றைக்கு எழுதிக் கொடுத்தால்தான் பள்ளி விண்ணப்பிக்கும் தேதிக்குள் போய்ச் சேரும் என்றார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லித் தராதீர்கள் என்றும் சொன்னார்.

இனி மகளிடம் சொல்ல வேண்டும். அன்று டியூஷன் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். ரிப்போர்ட்டை அவள் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்கூல் பைக்குள் வைத்திருந்தாள். தோழிகள் இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் படிக்க முடியாது. நான் படித்துக் காட்டினேன். ஸ்கிரைப் கிடைக்காது என்பதையும், ஏன் கிடைக்காது என்பதையும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். செவ்வாய்க்கிழமை திரும்பவும் போக வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் கவரைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப நான் எல்லாத்தயும் தப்பா பண்ணணுமா?"

"தப்பா இல்ல பாப்பா. உனக்கு வர்ற மாதிரி பண்ணு, போதும்."

"எனக்கு வர்ற மாதிரின்னா தப்பாதானே வரும்."

அவள் ரிப்போர்ட்டைத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் படிக்கப் போனதுலேர்ந்து ஒரே ஒரு டெஸ்ட்டுதான்மா பாஸ் பண்ணிக்கிறேன். அதயும் ஃபெயிலாக்கிக்கினு வரச் சொல்ற. நான் வர்ல."

கெஞ்சினேன். அவள் அப்பாவும் போனில் பேசிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலை நான் புடவை கட்டித் தயாராக நின்றேன். அவள் எப்போதும் போல எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து பள்ளிக்கூடம் போனாள். அவளை எத்தனையோ தடவை தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குக் கை எழவில்லை. அவள் மேல் இருந்த பாசமா, அந்த அறைக்குள் மறுபடி போய் உட்காரும் பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இழுத்துக்கொண்டாவது போயிருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

மீதி மாதங்கள் முழுவதும் எல்லாப் பாடத்தையும் வாசித்துக் காட்டினேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் வாசித்தேன். பொதுத்தேர்வு வந்தது. முதல் மூன்று பரீட்சைக்கும் எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாலாவது, அறிவியல். வெயிலில் பள்ளி வாசலில் காத்திருந்தேன். அவளும் அவள் தோழியும் சேர்ந்து வெளியே வந்தார்கள். தோழி கேள்வித்தாளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படிக்க, என் மகள் நடந்துகொண்டே பதில் சொன்னாள். இரண்டு மார்க், நாலு மார்க், ஏழு மார்க் என்று ஒன்றும் விடவில்லை. நான் பின்னால் நடந்துகொண்டே கேட்டேன். ஒன்றுகூடத் தப்பில்லை. நீ சென்டம் வாங்குவாய் என்று தோழி அவள் முதுகில் தட்டிவிட்டுத் தன் தெருவுக்குத் திரும்பினாள்.

நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். பொறுக்க முடியாமல் கேட்டேன், பேப்பரில் என்ன எழுதினாய் என்று.

"கேள்வித்தாள்ல இருந்த கேள்விங்களயே பாத்து அப்படியே எழுதினேன்மா" என்றாள். "ஒரு பக்கம்கூட காலியா உடல."

இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டேன். பிறகு சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள்.